தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள்

பள்ளி வாசலில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

காலை வணக்கக் கூட்டம் முடிந்திருந்தது. தாமதமாக வரும் பெண்களை நிறுத்திக் காரணம் கேட்கும் வேலை அன்று எனக்கு. தெருமுனைச் சாயப்பட்டறையிலிருந்து கொதிநீர் வாடை வந்துகொண்டிருந்தது. அந்த ஆளின் சட்டையில் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்றாக மாறிப் போயிருந்தன. அந்த அம்மாளின் புடவை மடியில் அரக்கு நிறப் பட்டு இழைகள் ஒட்டியிருந்தன. குளிக்காமல், புடவை மாற்றாமல், எழுந்த இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஓர் அடி பின்னால் அவர்களுடைய மகள் நின்றாள். சீருடை, இரட்டைப் பின்னல், தோளில் பை. என் வகுப்புப் பெண்தான்.

"இன்னாப்பா, ரெண்டு பேருமா?" என்றேன்.

"பெரிய டீச்சரப் பாக்கணும் மிஸ்," என்றார் அவர்.

ஏதோ பெரிய விபரீதம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று நெசவுத் தெருவில் பிறக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு போவதற்குக் கோர்வை என்று பெயர். ஒருவரால் ஆகாது. ஒருவர் நடுவில் உட்கார்ந்து உடலின் நூலை ஓட்டும் நாடாவை எறிவார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரையின் நாடாவைப் போடுவார். பெரும்பாலும் கணவனும் மனைவியும். ஒவ்வோர் இழைக்கும் இருவர் கையும் வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவர் சும்மா உட்கார வேண்டியதுதான்.

அதனால் எங்கள் பள்ளிக்குப் பெற்றோர் இருவரும் சேர்ந்து வந்ததே கிடையாது. ஒருவர் வந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து ஓடிப்போவார். அமாவாசையன்று தறி ஓடாது; ஆனால் அன்று அமாவாசை இல்லை, எனக்குத் தெரியாமல் இருக்காது. அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் ஓடாது. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது.

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள்.

தேதி இல்லாத அத்தியாயம்

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் வியாதி தெரியும். எதற்கும் எனக்குத் தேதி வேண்டும். கோயில் மதிலில் ஓர் எழுத்து தேய்ந்திருந்தால்கூட, ஆட்சியாண்டு எது, திங்கள் எது என்று வெயிலில் நின்று தடவிப் பார்க்கும் சமூக அறிவியல் டீச்சர் நான். சென்ற மாதம் ஒரு வாசகர், நான் குறிப்பிட்ட கிழமை தவறு என்று எழுதியிருந்தார். சரிபார்த்தேன். கிழமை சரிதான்; அவருடைய பஞ்சாங்கம்தான் வேறு.

இந்த அத்தியாயத்தில் தேதி இருக்காது. வகுப்பு, பிரிவு, தெரு எதுவும் இருக்காது. ஓரிரண்டு விவரங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் இதில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் இப்போது கல்லூரி மாணவி. எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்தாள். இரண்டு இடங்களில் பேனாவால் அடித்தாள்.

"பேரு வேணாம் மிஸ். மத்தபடி போடுங்க. தறி மேட்டரை மட்டும் விட்டுடாதீங்க," என்றாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நடந்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அறைக்கு வெளியேதான் நான் நின்றேன். ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்து, அதன் நடுப்பகுதி தெரியாமலே எழுதுவது எனக்கு இதுதான் முதல் முறை. தெரியாமல் இருந்ததுதான் சரி என்பதையும் அன்றுதான் கற்றேன்.

கதவுக்கு வெளியே

பெரிய டீச்சர் என்று நாங்கள் சொன்னது எங்கள் தலைமை ஆசிரியையை. முசரவாக்கம் பக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். அவர் வந்த புதிதில், சரசுவதி பூசையன்று அவர் கையால் பொரி வாங்கச் சில பெற்றோர் தயங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் பார்த்தார். அடுத்த ஆண்டும் அவரே நின்று கொடுத்தார்.

அன்று மூன்று பேரையும் அவர் அறைக்கு அழைத்துப் போனேன். ஒரு பார்வைதான் பார்த்தார். எழுந்து வந்து அந்தப் பெண்ணுக்குத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மிஸ், வெளிய நில்லுங்க. யாரையும் விடாதீங்க. யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க."

"பொய்யா?"

"பொய் இல்லையே. உங்களுக்குத் தெரியாது இல்ல? அப்படியே இருக்கட்டும். அந்தப் புள்ள இதை என்னாண்ட ஒரு தடவ சொல்லட்டும். அப்புறம் கேக்க வேண்டியவங்ககிட்ட ஒரு தடவ. நடுவுல ஒரு ஆளுகூட வேணாம்."

நின்றேன். கதவு மூடியிருந்தது, மேலிருந்த கண்ணாடிச் சட்டம் வழியாக மின்விசிறியின் நிழல் மட்டும் சுற்றுவது தெரிந்தது. உள்ளேயிருந்து அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பெரிய டீச்சர் கேள்வி கேட்கும் குரலும் வரவில்லை. ஒரே ஒரு சின்னக் குரல், நிதானமாக, நடுநடுவே நின்று நின்று. சொற்கள் கேட்காத தூரத்துக்கு நானே நகர்ந்துகொண்டேன்.

தமிழ் எடுக்கும் வசந்தா வந்தாள். "இன்னாமா நடக்குது உள்ள?"

"தெரியாது."

"தெரியாதா? உனக்கா? அசோகர் பொறந்த நேரத்தையே சொல்லுவியே!"

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பெரிய டீச்சர் முகத்தில் கோபமோ பதற்றமோ இல்லை. பள்ளி ஆயாவை அழைத்து மூவருக்கும் இட்லி வாங்கிவரச் சொன்னார். பிறகு கணக்கு ஆசிரியரை வகுப்பிலிருந்து அழைத்துவரச் சொன்னார்.

அவரும் சிரித்த முகமாகத்தான் வந்தார். "என்ன டீச்சர், திடீர் இன்ஸ்பெக்ஷனா?"

"நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போங்க சார். உங்க கிளாஸை நான் பாத்துக்கறேன். மத்தது எழுத்துல வரும்."

"என்ன விஷயம்னு..."

"எழுத்துல வரும் சார்."

அவரிடம் பெரிய டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. அவர் கேட்டைத் தாண்டும்வரை வராந்தாவில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். குழந்தைகள் உதவி மையத்துக்கு ஒன்று. மகளிர் காவல் நிலையத்துக்கு ஒன்று. கல்வி அலுவலகத்துக்கு ஒன்று. கடைசியாகத்தான் எங்கள் பள்ளிச் செயலாளருக்கு. அந்த வரிசையைக் கவனித்தேன். எனக்கு முதுகு நிமிர்ந்தது.

கண் கெட்டுப்போனவள்

எனக்குத் தெரிந்த வரிசை வேறு.

நான் பள்ளியில் படித்தபோது என் பக்கத்தில் ஒருத்தி உட்காருவாள். அச்சுப் போட்டது மாதிரி கையெழுத்து. அவள் பென்சிலைச் சீவினால் மரச்சுருள் அறுந்து விழாது. வளையல் மாதிரி சுற்றி எடுத்து எனக்குக் கொடுப்பாள். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. கண் கெட்டுப் போய்விட்டது, படிக்க முடியாது, அதனால் நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். மாகறல் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டதாகவும் பின்னால் கேள்விப்பட்டோம்.

பல ஆண்டுகள் கழித்து மாகறல் கோயிலுக்குக் கல்வெட்டுப் பார்க்கப் போயிருந்தேன். பிராகாரத்தின் அந்தக் கோடியிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள்தான். அத்தனை தூரத்திலிருந்து, கண்ணாடிகூட இல்லாமல், என்னை அடையாளம் கண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் குழந்தைகள், குடும்பம் என்று பேசினோம். புறப்படும்போது கேட்டாள்: "அந்த டிராயிங் வாத்தியாரு இன்னும் இருக்காரா?"

அவர் ஓய்வு பெற்றிருந்தார். மாலை போட்டு, வெள்ளித் தட்டு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

அன்றைய வழி அதுதான். பெண் நின்றுவிடுவாள், இல்லாவிட்டால் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வாத்தியார் அதே நாற்காலியில் இருப்பார். மிஞ்சிப்போனால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றல். அங்கேயும் பெண்கள் இருப்பார்கள்.

இந்தப் பக்கத்துக் கோயில் சுவர்களில் ஒருவகைக் கல்வெட்டு உண்டு. கை தவறி ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிடுவான். ஊரார் கூடிப் பேசி, கோயிலில் அணையாமல் எரிய ஒரு விளக்கும், அதன் நெய்க்காக ஆடுகளும் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தவன் பெயர், ஆட்டின் கணக்கு, விளக்கின் பெயர் எல்லாம் சுவரில் இருக்கும். செத்தவன் வீட்டில் அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வரி தேடியிருக்கிறேன். நான் படித்த எதிலும் இல்லை.

விளக்கு எரிந்தால் வழக்கு முடிந்தது. எங்கள் ஊருக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை என்பதை அன்று மதியமே பார்த்தேன்.

கற்பூரம்

செயலாளரின் பெயரை ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்வோம். எங்களுடையது நெசவாளர் அறக்கட்டளை நடத்தும் பெண்கள் பள்ளி. அவர் பட்டு வியாபாரி. தெருவில் பாதித் தறிகளுக்குப் பாவு நூல் கொடுத்துச் சேலை வாங்குபவர். அந்தப் பெண்ணின் அப்பாவும் அவருக்குத்தான் நெய்கிறார். நல்ல மனிதர். பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர். இதைச் சொல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன்.

வந்ததும் முதலில் அந்தப் பெண்ணின் அப்பாவை வேப்ப மரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போனார். ஏதோ பேசினார். தோளில் தட்டினார். பிறகு இருவரும் அறைக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணை ஆயாவோடு நூலக அறைக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இப்போது என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார் பெரிய டீச்சர். "பேசறதுக்கு ஒரு சாட்சி இருக்கட்டும்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம போன் பண்ணிட்டீங்களே டீச்சர்," என்றார் செயலாளர்.

"கேக்கறதுக்கு சட்டத்துல எடம் இல்லீங்க. தெரிஞ்சா சொல்லியாகணும். சொல்லலன்னா நானும் குத்தவாளி."

"சரி, சொல்லிட்டீங்க. அவங்க வர்றதுக்குள்ள நாம முடிச்சுடலாம். சாயங்காலம் புள்ளையார் கோயில்ல கற்பூரம் ஏத்துவோம். அந்த வாத்தியாரும் வரட்டும், புள்ளையும் வரட்டும். ரெண்டு பேரும் அடிச்சு சத்தியம் பண்ணட்டும். பொய் சொன்னவங்கள அவன் பாத்துக்குவான். நம்ம தெருவுல பாகப்பிரிவினைலேருந்து பாவு திருட்டு வரைக்கும் அப்படித்தானே தீத்திருக்கோம்? வர்ற போலீஸுக்கு ஒரு காபி குடுத்து அனுப்பிடலாம்."

அவர் சூழ்ச்சியாகச் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து ஒருவர் சத்தியம் செய்துவிட்டால், அதற்குமேல் எங்கள் தெருவில் பேச்சே கிடையாது. ஒருவர் மறுத்தாலோ, கை தயங்கினாலோ, அதற்கும் மேல் பேச்சு கிடையாது. அவர் பார்த்து வளர்ந்த நியாயம் அது. இருவருக்கும் சமமான வாய்ப்பு தருவதாகவே அவர் நம்பினார்.

அதைவிடப் பயங்கரம், அந்தப் பெண்ணின் அப்பா தலையாட்டினார். "செயலாளர் அண்ணன் சொல்றதும் நியாயமாத்தான் இருக்குது டீச்சர். எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. பயம் இன்னாத்துக்கு? மாட்டேன்னா தெருவுல இன்னா பேசுவாங்க?"

சாயங்காலம் ஒரு தெருவே கூடி நிற்கும் இடத்தில், அந்த வாத்தியாருக்கு எதிரில் அவளை நிறுத்தப் போகிறார்கள். காலையில் அந்தச் சின்னக் குரல் நிதானமாகச் சொன்னதையெல்லாம், நடுங்கும் ஒரு கை தீர்மானிக்கப் போகிறது. அதற்கு அவளைப் பெற்றவரே சம்மதித்துவிட்டார்.

பெரிய டீச்சர் மேசையின் மீது இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"அந்த சார் கற்பூரத்தை அடிப்பாரா, மாட்டாரா?"

"அடிப்பாரு... அடிக்கலாம்."

"அடிப்பாரு. பழக்கப்பட்ட கை. இது புள்ள கை. தீயப் பாத்தா நடுங்கும். நடுங்கினா பொய்யின்னு சொல்லிடுவீங்க."

"உங்களுக்கு எங்க சாமி விஷயம் தெரியாது டீச்சர்."

நான் தரையைப் பார்த்தேன். பெரிய டீச்சர் பார்க்கவில்லை.

"தெரியாதுங்க. புள்ளைங்க விஷயம் தெரியும். யாரு சொல்றது நெசம்னு கண்டுபிடிக்கறது என் வேலை இல்ல, உங்க வேலையும் இல்ல. அதுக்குப் படிச்சவங்க வர்றாங்க. கோர்ட்டு இருக்குது. அந்த சாரும் வக்கீல் வெச்சுக்குவாரு, அவரு பக்கத்தச் சொல்லுவாரு. நம்ம வேலை ஒண்ணுதான். புள்ள சொன்னா கேக்கணும். கேட்டதக் கொண்டுபோய்ச் சேக்கணும். சேத்துட்டு, அது பழையபடி பள்ளிக்கூடம் வர்றதுக்கு வழி பண்ணணும்."

செயலாளர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "பெத்தவன் நீ சொல்லுப்பா. உன் பொண்ணு, உன் இஷ்டம்."

பாவு கொடுப்பவர் எதிரில் நிற்கிறார். தெரு வெளியில் நிற்கிறது. அப்பா வாய் திறக்கப் போனார்.

கரைப் பக்கத்துக் கை

"அண்ணா."

அந்த அம்மாள் அன்று காலையிலிருந்து என் காதில் விழப் பேசிய முதல் சொல் அது.

"நேத்து சாயங்காலம் நெய்துக்கினு இருந்தோம். இவ வந்து என் பக்கத்துல ஒக்காந்தா. சொன்னா. தறி சத்தத்துல அவருக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுது."

கணவரைப் பார்க்காமல், செயலாளரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"கல்யாணம் ஆயி வந்ததுலேருந்து அந்தப் பக்கம் ஒக்காந்துக்கினு இருக்கேன். ஜொரத்துல ஒக்காந்தேன். எங்கம்மா செத்து காரியம் முடிஞ்ச மறுநாளு ஒக்காந்தேன். என் கை நின்னதில்ல. நீங்களே சொல்லுவீங்க, இந்தம்மா கோர்வைய வெரல் வெச்சுத் தடவினாக்கூட எங்க சேந்துதுன்னு தெரியாதுன்னு. நேத்து நின்னுட்டுது அண்ணா. 'ஏன் நிறுத்தினே'ன்றாரு இவரு. நாடா என் கையிலதான் இருக்குது. போட முடியல."

மடியில் ஒட்டியிருந்த ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார்.

"நின்ன எடத்துல சேலையில கோடு விழும். உங்களுக்குத் தெரியாததா? சேலை வரும்போது விரிச்சுப் பாத்துக்கோங்க. அதுக்கு மேல எம் பொண்ணு இன்னாத்துக்குத் தீயில கை வெக்கணும்?"

ஏகாம்பரம் வியாபாரி ஆவதற்கு முன் தறியில் உட்கார்ந்தவர். அவர் மனைவி கரைப் பக்கம் உட்கார்ந்து போட்டவர். செயலாளர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு நெசவாளி மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்.

"எவ்ளோ நேரம் நின்னுது?"

"இன்னும் ஓடல."

கல்லில் வெட்டியதைத் தேடித் தேடிப் படித்தவள் நான். பாதிக்கப்பட்ட வீட்டின் ஒரு வரிக்காக எத்தனை கோயில் சுவர் பார்த்திருப்பேன்! அந்த வரி என் எதிரில், அரக்கு இழை ஒட்டிய புடவையோடு உட்கார்ந்திருந்தது.

செயலாளர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், அவங்கள முன்பக்கம் வர வேணாம்னு சொல்லுங்க. தெரு பாக்கும். தோட்டத்துக் கதவு ரொம்ப நாளா பூட்டிக் கெடக்குது. நான் போய்த் தெறந்து வெக்கறேன்." வாசற்படியில் நின்று அந்த அம்மாளிடம் திரும்பினார். "பாவு பத்திக் கவலப்படாதம்மா. எப்பவும் போல வரும்."

பெரிய டீச்சர் அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு அப்போதுதான் அழுதார்.

பருத்திப் புடவையில் வந்தவர்

மதியத்துக்கு மேல் தோட்டத்துக் கதவு வழியாக ஒரு பெண் வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் துணிப் பை. காவல் ஆய்வாளர் என்று சொன்னால்தான் தெரியும். குழந்தையிடம் பேச வரும்போது சீருடையில் வரக் கூடாது என்பது விதி. புத்தகத்தில் படித்தபோது அது ஒரு வரி. வராந்தாவில் நடந்து வந்தபோது அதன் அழகு புரிந்தது.

"மிஸ், அவங்க யாரு? புது டான்ஸ் மிஸ்ஸா?" என்று ஏழாம் வகுப்பு வாண்டு ஒன்று கேட்டது.

"போய்க் கணக்கு போடு."

"கணக்கு சார் இல்லியே மிஸ். பெரிய டீச்சர் எடுக்கறாங்க. செம ஸ்ட்ரிக்ட்டு."

எங்கே உட்கார்ந்து பேசலாம் என்று அந்த மாணவியையே கேட்டார்கள். அவள் நூலக அறையையே சொன்னாள். அம்மா உடன் இருந்தார். கதவு மறுபடியும் மூடியது. மறுபடியும் நான் வெளியே.

மாலையில் பெரிய டீச்சரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "இதுங்க கோயிலுக்குப் போவாம நம்மகிட்ட எப்படி வந்துதுங்க?"

அவர் சிரித்தார். அன்று முதல் முறை. "அம்மாதான் கேட்டாங்களாம், யாராண்ட சொல்றதுன்னு. இவ சொல்லியிருக்கா: 'பெரிய டீச்சராண்ட போலாம்மா. அவங்க தாழ்ப்பாள் போட்டவங்க.'"

தாழ்ப்பாள் கதை இது. அவர் பொறுப்பேற்றபோது புகார்ப் பெட்டி ஆசிரியர் அறை வாசலில், எட்டாத உயரத்தில் தொங்கியது. சுவர் சிலந்திதான் அதில் குடியிருந்தது. அதை இறக்கி, பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில், யார் பார்வையும் விழாத திருப்பத்தில் மாட்டினார். வந்து விழுந்த சீட்டுகளை ஆசிரியர் கூட்டத்தில் படித்தார். முட்டை வேகவில்லை. மின்விசிறி கத்துகிறது. 'சோசியல் மிஸ் ஓவரா டேட் கேக்கறாங்க.' வசந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். நடுவில் ஒன்று: கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அந்த வாரமே எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் வந்தது. தச்சர் வரும்வரை ஆயாவை அங்கே காவல் நிற்க வைத்தார்.

நாங்கள் அதைத் தாழ்ப்பாள் என்றுதான் நினைத்தோம். பிள்ளைகள் அதைப் பதில் என்று எண்ணியிருக்கிறார்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கு ஆசிரியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். இன்னும் இரண்டு பெண்கள் தாமாகவே பேச முன்வந்தார்கள். வழக்கு நீண்டது. தண்டனை என்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீடு நடக்கிறது. அந்தச் சேலை கடைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டு ஏகாம்பரத்திடம் ஒருமுறை விசாரித்தேன். "எங்க வீட்டு பீரோவுல இருக்குது மிஸ்," என்றவர், உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சிவப்பு மை

அவர்கள் வந்துபோன மறுநாள் காலை, அந்தப் பெண் வருவதற்கு முன், பெரிய டீச்சர் எங்கள் எல்லோரையும் அழைத்தார். வசந்தாவின் கண் சிவந்திருந்தது. "கணக்கு சாரா? எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மொத ஆளா வருவாருமா," என்று என்னிடம் முதல் நாள் இரவெல்லாம் தொலைபேசியில் புலம்பியவள்.

"யாரு, என்னன்னு யாரும் கேக்காதீங்க," என்றார் பெரிய டீச்சர். "தெரிஞ்சவங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. பாவமா பாக்காதீங்க. தலையத் தடவாதீங்க. எந்தப் புள்ளையும் இடம் மாறி ஒக்கார வேணாம். வீட்டுப்பாடம் எழுதலன்னா எப்பவும் மாதிரி திட்டுங்க."

அவ்வளவுதான் கூட்டம்.

அவள் வந்தாள். சைக்கிளை வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். மூன்றாவது வரிசை, சன்னல் ஓரம். வகுப்பில் சொன்னதையெல்லாம் எழுதினாள். ஆனால் வாய் திறக்கவில்லை. நானும் அவள் பக்கம் கேள்வி போகாமல் பார்த்துக்கொண்டேன். அது அவளுக்கு நான் செய்யும் நல்லது என்று நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்துத் தேர்வு. அவள் தாளைத் திருத்தும்போது பார்த்தேன். வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு 1808 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனா அதன்மேல் நின்றுவிட்டது. விட்டுவிடலாமா? ஒரு மதிப்பெண்தானே. தறி நின்ற வீட்டுப் பெண். என் கையும் நின்றது.

பிறகு பெரிய டீச்சர் எங்களை அழைத்த அந்தக் காலைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. எண்ணைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டேன்.

மறுநாள் வகுப்பில் பெயர் சொல்லி அழைத்து எழுப்பினேன். குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "வேலூர்ப் புரட்சி எந்த வருஷம்?"

விழித்தாள். "எய்ட்டீன்... நாட் எய்ட், மிஸ்?"

"நாட் சிக்ஸ்! பக்கத்து ஊர்ல நடந்தது, அதுவே தெரியாதா? கண்ணு எங்க இருந்துது?"

வகுப்பு முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "டூ இயர்ஸ்தானே மிஸ் டிஃபரன்ஸ்!"

"டூ இயர்ஸா? ரெண்டு வருஷத்துல ஒரு ராஜா வந்துட்டு, செத்தும் போயிடுவான்!"

"மிஸ் ஸ்டார்ட் பண்ணிட்டாங்கடி," என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். வெளியே வேப்ப மரத்தில் வெயில். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத எதுவும் இல்லாமல் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன்.

"பத்து தடவை எழுதிக்கினு வா," என்றேன், திரும்பாமலே.

எழுதிக்கொண்டு வந்தாள். 1806, 1806, 1806. கடைசி வரியில் பேனா மை தீர்ந்து பென்சிலால் எழுதியிருந்தாள். நான் அதன் கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டேன். இந்த அத்தியாயத்தில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த தேதி அது ஒன்றுதான். அதை இங்கே எழுதப் போவதில்லை.